டிவிக்குப் பின்னால் ஒரு சின்னக் கணினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு டிவிக்குப் பின்னால் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கணினி இருக்கிறது. அப்பா அம்மாவின் கல்யாண கேசட்டில் தொடங்கி, போன மாதம் மொபைலில் எடுத்த பள்ளி ஆண்டு விழா வரை எல்லாம் அதிலிருந்துதான் ஓடுகின்றன. பார்த்துவிட்டுப் போகிற சொந்தக்காரர்களும் நண்பர்களும் "எங்களுக்கும் இப்படி ஒன்று வேண்டும், எதை வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஃபோனில் சொன்னதை ஓரிடத்தில் எழுதிவைத்தால், வாங்குவதற்கு முன் நிதானமாகப் படிக்கலாமே என்று இதை எழுதுகிறேன். செலவு குறைவாக இருக்க வேண்டும், கரண்ட் அதிகம் இழுக்கக் கூடாது, ஹாலில் சத்தம் போடக் கூடாது. இவைதான் அளவுகோல்.

எங்களுடையது ஸ்மார்ட் டிவி. ஓடிடி பார்க்க டிவியில் செருகும் ஸ்டிக்கும் இருக்கிறது. தனியாகக் கணினி எதற்கு?

நீங்கள் பார்ப்பது எல்லாம் ஓடிடியும் யூடியூபும்தான் என்றால் தேவையே இல்லை. ஸ்டிக் போதும். விலையும் குறைவு, கரண்டும் குறைவு. இந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

உங்களுக்கென்று சொந்தக் கோப்புகள் இருந்தால் கதை வேறு. கல்யாண டிவிடிகள், கேம்கார்டர் டேப்பிலிருந்து மாற்றியவை, ஆயிரக்கணக்கான புகைப்படங்கள், பாட்டு, காசு கொடுத்து வாங்கிய டிவிடிகள். இவற்றை பென் டிரைவில் போட்டு டிவியில் செருகினால் ஒன்று ஓடும், ஒன்று "இந்த வகைக் கோப்பை இயக்க முடியாது" என்று நிற்கும், ஒன்றில் படம் வரும், சத்தம் வராது. டிவி நிறுவனங்கள் சில வருடங்களில் அந்த மாடலுக்கு அப்டேட் தருவதை நிறுத்திவிடுகின்றன. டிவியின் திரை இன்னும் பத்து வருடம் உழைக்கும்; உள்ளே இருக்கும் மூளைதான் சீக்கிரம் கிழடாகிறது. தனிக் கணினி இருந்தால் மூளையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எவ்வளவு வேகமான பிராசஸர் வேண்டும்? ஐ5 வாங்கட்டுமா, ஐ7 வாங்கட்டுமா?

பலரும் பணத்தை வீணாக்குவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

வீடியோ கோப்பு என்பது பெட்டியில் அமுக்கி மடித்து வைத்த துணி மாதிரி. ஓடும்போது நொடிக்கு 25 முறையோ 60 முறையோ அதைப் பிரித்து விரிக்க வேண்டும். பிராசஸரே கணக்குப் போட்டு விரிக்கலாம். அல்லது அதற்கென்றே சிப்புக்குள் அமைத்த டீகோடர் விரிக்கலாம். பிராசஸர் செய்தால் சூடாகும், விசிறி இரையும், கரண்ட் இழுக்கும், அப்போதும் படம் திக்கலாம். டீகோடர் செய்தால் பிராசஸர் கிட்டத்தட்ட சும்மா இருக்கும்.

2012ல் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி போர்டின் முதல் மாடல் வந்தபோது அதில் இருந்தது 700 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஒற்றை கோர், 256 எம்பி நினைவகம். கணினியாகப் பார்த்தால் பரிதாபம். ஆனால் எச்.264 என்ற முறையில் அமுக்கிய 1080பி (ஃபுல் எச்டி) வீடியோவைத் தடங்கல் இல்லாமல் ஓட்டியது. அதைவிடப் பல மடங்கு வேகமான பென்டியம் 4 டெஸ்க்டாப் அதே கோப்பில் மூச்சு வாங்கியது. அதற்கு முன்பு 2009ல் இன்டெல் ஆட்டம் பிராசஸருடன் என்விடியாவின் அயான் என்ற கிராஃபிக்ஸ் சிப் சேர்ந்து வந்த குட்டிக் கணினிகளும் அப்படித்தான். ஆட்டம் தனியாக இருந்தால் 1080பி ஓடாது. அயான் கூட இருந்தால் ஓடும். இரண்டிலும் வேலையைச் செய்தது டீகோடர்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" அல்ல. "என்னிடம் உள்ள வீடியோ வகைகளுக்கு இதில் டீகோடர் இருக்கிறதா?" என்பதுதான். கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதனால் போவதற்கு முன் நீங்களே தெரிந்துகொண்டு போங்கள்.

என்னிடம் உள்ளவை எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இப்போதிருக்கும் லேப்டாப்பில் விஎல்சி பிளேயரில் கோப்பைத் திறந்து, கன்ட்ரோல் விசையோடு ஜே விசையை அழுத்துங்கள். கோடெக் விவரம், அதாவது எந்த முறையில் அமுக்கியது என்பது, வரும். பத்துப் பதினைந்து கோப்புகளைப் பார்த்தாலே உங்கள் சேமிப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்:

எம்பெக்-2: டிவிடிகள். இதற்கு டீகோடர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இன்றைய எந்தப் பிராசஸரும் தானே விரித்துவிடும்.

எச்.264: கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்தவற்றில் மிக அதிகம். 1080பி வரை இருந்தால் எங்கும் ஓடும். 4கே அளவில் இருந்தால் கவனம் தேவை. கல்யாண வீடியோகிராஃபர்கள் பென் டிரைவில் தரும் 4கே கோப்புகள் பலவும் இந்த வகைதான்.

எச்இவிசி, அதாவது எச்.265: புதிய மொபைல்கள் எடுப்பது, 4கே படங்கள். இதிலேயே நிறத்தின் நுணுக்கத்தைப் பொறுத்து 8 பிட், 10 பிட் என இரண்டு உண்டு. எச்டிஆர் (வெளிச்சமும் நிழலும் கூடுதலாகத் தெரியும் வகை) என்றால் 10 பிட்.

விபி9, ஏவி1: யூடியூப் 4கே தருவது இவற்றில்தான்.

ராஸ்பெரி பை 4 வாங்கலாமா, 5 வாங்கலாமா?

புதியதுதான் எல்லா விதத்திலும் மேல் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். 2019ல் வந்த பை 4ல் எச்.264க்கு 1080பி வரை டீகோடர் உண்டு. எச்இவிசிக்கு 4கே, நொடிக்கு 60 படம் வரை உண்டு. 2023ல் வந்த பை 5ல் எச்இவிசி டீகோடர் இருக்கிறது, எச்.264 டீகோடரை எடுத்துவிட்டார்கள். கேட்டதும் அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் பை 5ன் பிராசஸர் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு கோர், 1080பி எச்.264ஐத் தன் பலத்தாலேயே விரித்துவிடுகிறது.

பை 4ன் பலவீனம் 4கே எச்.264. டீகோடரின் எல்லை 1080பி, பிராசஸருக்கும் அந்தத் தெம்பு இல்லை. நான் மேலே சொன்ன கல்யாணக் கோப்புகள் இதில் திக்கித் திணறும். இரண்டிலும் விபி9, ஏவி1 டீகோடர் கிடையாது.

பணம் குறைவு, 1080பி டிவி, பழைய கோப்புகளே அதிகம் என்றால் 2 ஜிபி பை 4 இன்றும் நல்ல தேர்வு. படம் ஓடும்போதும் நாலைந்து வாட்டுக்குள் அடங்கும். மெனு சுறுசுறுப்பாக இருக்க வேண்டும் என்றால் பை 5.

ஆனால் போர்டின் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். சரியான அடாப்டர், மேல்கூடு, மெமரி கார்டு, மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள் எல்லாம் தனித்தனி. அடாப்டரில் மிச்சம் பிடிக்கவே கூடாது. பை 4க்கு 15 வாட், பை 5க்கு 27 வாட் அடாப்டர். மொபைல் சார்ஜரைச் செருகிவிட்டு "அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது, பை மோசம்" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பை 5ஐ 3 ஆம்பியர் அடாப்டரில் போட்டால், யூஎஸ்பி போர்ட்டுகளுக்கெல்லாம் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் தரும். ஹார்ட் டிஸ்க் சுற்றவே தொடங்காமல் போகலாம்.

என்100 மினி பிசி என்கிறார்களே, அது என்ன?

என்100 என்பது 2023 தொடக்கத்தில் இன்டெல் வெளியிட்ட சிப்; அதை வைத்துச் செய்த குட்டிக் கணினிதான் இந்த மினி பிசி. நான்கு சிறிய கோர்கள், 6 வாட் என்று குறித்திருக்கிறார்கள். முழுப் பெட்டியும் சேர்ந்து சும்மா இருக்கும்போது ஆறு முதல் பத்து வாட், கடுமையாக வேலை செய்யும்போது இருபதைத் தாண்டும். நான் மேலே சொன்ன வகைகள் எல்லாவற்றுக்கும், ஏவி1 உட்பட, இதில் டீகோடர் இருக்கிறது. 4கே எச்.264 சிக்கலும் இல்லை.

பெட்டி, அடாப்டர், நினைவகம், எஸ்எஸ்டி எல்லாம் சேர்ந்தே வரும். பை 5க்குத் தேவையானதையெல்லாம் வாங்கிக் கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் இடைவெளி அவ்வளவு பெரிதாக இருக்காது. புதிதாக வாங்குபவர்களுக்கு, 4கே டிவி இருந்தால், நான் முதலில் சொல்வது இதைத்தான். 8 ஜிபி நினைவகம் தாராளம். 16க்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். எச்டிஎம்ஐ 2.0 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 1.4 என்றால் 4கேயில் நொடிக்கு 30 படம்தான் வரும். அடுத்தது விசிறி. சின்னப் பெட்டிகளில் சின்ன விசிறி. சின்ன விசிறிதான் கீச்சென்று கத்தும். விசிறியே இல்லாத மாடல்களும் உண்டு. இரவு பத்து மணிக்கு மெல்லிய சத்தத்தில் படம் பார்க்கிற வீடு என்றால் அதைத் தேடி வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்டில் ஆபீஸ் கணினி வாங்கலாமா?

தாராளமாக. உண்மையில் பணத்துக்கு அதிக மதிப்பு இதில்தான். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி மூன்றும் கெட்டி அட்டை போட்ட புத்தகம் அளவுள்ள அலுவலகக் கணினிகள். உறுதியான கட்டமைப்பு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. இன்டெல்லின் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களைப் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏற்பதில்லை. நம் வேலைக்கு விண்டோஸே தேவையில்லை என்பதால், அலுவலகங்கள் கழித்துக் கட்டும் அந்தப் பெட்டிகள் நமக்கு லாபம். சென்னையில் இருந்தால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

பிராசஸர் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஐ5-6500டி என்றால் கோட்டுக்கு அடுத்த 6 என்பது ஆறாம் தலைமுறை. அதில் எச்இவிசி 8 பிட் மட்டும்தான் ஓடும். ஐ5-7500டி ஏழாம் தலைமுறை; 10 பிட்டும் விபி9ம் ஓடும். இந்த ஒரு எண் வித்தியாசத்துக்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், தப்பில்லை. எண்ணின் கடைசியில் வரும் டி, மின்சாரம் குறைவாக எடுக்கும் வகை என்பதற்கான அடையாளம். ஏவி1 வேண்டுமென்றால் 11ஆம் தலைமுறைக்குப் போக வேண்டும். அதற்குப் பதில் என்100 வாங்கிவிடலாம்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் எச்டிஎம்ஐ இருக்காது, டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருக்கும். எச்டிஎம்ஐக்கு மாற்றும் கன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளலாம், ஆனால் 4கேயில் நொடிக்கு 60 படம் வர ஆக்டிவ் வகை கன்வெர்ட்டர் வேண்டும். அந்தப் பெட்டிக்கே உரிய அசல் அடாப்டரையும் கேட்டு வாங்குங்கள். பிறகு தேடினால் அலைச்சல். கடையிலேயே அரை மணி நேரம் ஓட விட்டு, விசிறிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

பரணில் ஒரு பழைய டெஸ்க்டாப் சும்மா கிடக்கிறது. அதையே வைத்துக்கொண்டால்?

அது எத்தனை மணி நேரம் ஓடப்போகிறது என்பதைப் பொறுத்தது. பழைய டெஸ்க்டாப் ஒன்று சும்மா இருக்கும்போதே 70 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினால், அறுபது நாளில் 70 × 24 × 60 = 1,00,800 வாட் மணி. அதாவது 100.8 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2016ல் அறிவித்த இலவசம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். அந்த முழு இலவசத்தையும் இந்த ஒரு பெட்டியே விழுங்கிவிடும். ஏற்கனவே 450 யூனிட் ஓடுகிற வீடு என்றால் இன்னும் மோசம். 500ஐத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளின் கட்டணமும் சேர்ந்து ஏறும்.

10 வாட் பெட்டி அதே அறுபது நாளில் 14.4 யூனிட். நான்கு வாட் பை ஆறு யூனிட்டுக்கும் குறைவு.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மாலையில் நான்கு மணி நேரம் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவீர்கள் என்றால், அந்த 70 வாட் பெட்டியும் இரண்டு மாதத்துக்கு 16.8 யூனிட்தான். அதை மிச்சம் பிடிக்கப் புதுக் கணினி வாங்கினால், போட்ட காசு திரும்பி வர வருடக் கணக்காகும். சத்தமும் இடமும் தொந்தரவு இல்லை என்றால் பரணில் இருப்பதை இறக்கித் துடைத்து, முதலில் அதில் பழகுங்கள். பிடித்திருந்தால் அப்புறம் சின்னதாக மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு பெட்டி உண்மையில் எத்தனை வாட் எடுக்கிறது என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டாலும் ஈபி மீட்டரே போதும். மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும், பல வீடுகளில் 3200. ஃபிரிட்ஜ், ஃபேன், ரவுட்டர் எல்லாவற்றையும் சிறிது நேரம் அணைத்துவிட்டு, கணினியை மட்டும் ஓடவிட்டு, இரண்டு சிமிட்டலுக்கு நடுவே எத்தனை நொடி என்று எண்ணுங்கள். 1125ஐ அந்த நொடியால் வகுத்தால் வாட். 112 நொடி ஆனால் 10 வாட். 16 நொடி ஆனால் 70 வாட். மீட்டரில் வேறு எண் போட்டிருந்தால் 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, 1125க்குப் பதில் அதை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். பாடத்தில் படித்த வாட்டும் யூனிட்டும் அன்றைக்குத்தான் புரியும்.

பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகள் ரொம்ப மலிவாகக் கிடைக்கின்றனவே?

வேண்டாம். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 2023 தொடக்கத்தில் டி95 என்ற பெயரில் விற்ற ஒரு மலிவுப் பெட்டியை ஒருவர் வாங்கி ஆராய்ந்தபோது, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதில் தீம்பொருள் இருந்தது தெரியவந்தது. பிறகு இதே மாதிரியான பெட்டிகள் லட்சக்கணக்கில் வீடுகளுக்குள் இருப்பது வெளிவந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ வெளிப்படையாகவே எச்சரிக்கை விட்டது. வீட்டு வைஃபையில் இதை இணைத்தால், உங்கள் இணைப்பு வழியாக யாரோ எங்கோ திருட்டு வேலை செய்ய வாய்ப்புக் கொடுக்கிறோம். அதே வைஃபையில்தான் உங்கள் வங்கிக் கணக்கும் திறக்கிறது. ஆண்ட்ராய்டு பெட்டிதான் வேண்டும் என்றால் கூகுளின் சான்று பெற்ற, பெயர் உள்ள நிறுவனத்தின் பெட்டியாக வாங்குங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு மவுஸ், கீபோர்டு சரிப்படாது. ரிமோட்டில் இயக்க முடியுமா?

கணினியைத் தேர்ந்தெடுப்பதில் இதற்கு நான் நிறைய மதிப்பெண் கொடுப்பேன். எத்தனை நல்ல பெட்டியாக இருந்தாலும் அம்மாவால் தனியாகப் போட்டுப் பார்க்க முடியவில்லை என்றால், அது வீட்டுக்கு வாங்கிய பொருள் ஆகாது.

எச்டிஎம்ஐ கேபிள் வழியே டிவி ரிமோட்டின் கட்டளைகளை இன்னொரு பெட்டிக்கு அனுப்பும் வசதிக்கு சிஇசி என்று பெயர். டிவி அமைப்புகளில் சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று இருக்கும். அதை ஆன் செய்ய வேண்டும். ராஸ்பெரி பையில் இது இயல்பாகவே வேலை செய்கிறது. டிவி ரிமோட்டின் மேல், கீழ், ஓகே பட்டன்களே போதும்.

மினி பிசிகளிலும் ஆபீஸ் கணினிகளிலும் பெரும்பாலும் சிஇசி கிடையாது. யூஎஸ்பியில் குட்டி ரிசீவர் செருகும் தனி ரிமோட் வாங்க வேண்டும். அந்த ரிசீவரை நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில், ஹார்ட் டிஸ்க் கேபிளுக்குப் பக்கத்தில் செருகாதீர்கள். யூஎஸ்பி 3 கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும். பட்டனை நாலு தடவை அழுத்தினால் ஒரு தடவை வேலை செய்யும். கறுப்பு யூஎஸ்பி 2 போர்ட்டில், ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டிவிக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டால் சரியாகிவிடும்.

எங்கள் ஊரில் அடிக்கடி கரண்ட் போகும். தாங்குமா?

பட்டென்று கரண்ட் போவதில் முதலில் அடிவாங்குவது மெமரி கார்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் கோப்பு அமைப்பு கெட்டுவிடும். கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டியிலிருந்து இயங்கும்படி வைத்தால் பயம் பெரிதும் குறையும். லிப்ரெலெக் என்ற மென்பொருளில் இயங்குதளப் பகுதி எழுத முடியாதபடி பூட்டியே இருக்கும், அதுவும் ஒரு பாதுகாப்பு.

இன்வெர்டர் லைனில் போடுங்கள். பத்து வாட் பெட்டி இன்வெர்டருக்குப் பாரமே இல்லை. ரவுட்டருக்கு வைக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ்சில் மினி பிசியைச் செருகலாமா என்று கேட்கிறார்கள். வோல்ட் ஒத்துப்போனாலும், யூபிஎஸ் தரும் ஆம்பியர் உங்கள் அடாப்டரில் எழுதியிருப்பதைவிடக் குறையாமல் இருந்தால் மட்டும்.

மினி பிசியில் பயாஸுக்குள் (கணினி ஆன் ஆகும்போதே திறக்கும் அடிப்படை அமைப்பு) போய், கரண்ட் திரும்பியதும் தானாக ஆன் ஆகும்படி மாற்றி வைத்துவிடுங்கள். பாட்டியை டிவிக்குப் பின்னால் கை விட்டு பட்டன் தேட வைக்க வேண்டாம்.

டிவி அலமாரிக்குள் மூடி வைக்கலாமா?

கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி வேண்டாம். மே மாதத்தில் அறையே 35 டிகிரிக்கு மேல் இருக்கும், மூடிய பெட்டிக்குள் இன்னும் ஏறும். பை 80 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; படம் திக்கும். முழுக் கூடும் அலுமினியமாக, அதுவே சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்காக இருக்கும் மேல்கூடு பைக்குக் கிடைக்கிறது, விசிறியே வேண்டாம். மினி பிசியை டிவியின் பின்புறம் திருகி மாட்டலாம், காற்று கிடைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள்.

கோப்புகளை எதில் வைப்பது?

இரண்டரை அங்குல யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் இரண்டு மூன்று வாட்டில் ஓடும், தனி அடாப்டர் வேண்டாம். மூன்றரை அங்குல டிஸ்க்கில் ஜிபிக்கு விலை குறைவு, ஆனால் தனி அடாப்டரும் கூடுதல் வாட்டும் வேண்டும், சத்தமும் உண்டு. வீட்டு வீடியோக்களுக்கு இரண்டரை அங்குலம் போதும். கணக்குக்கு: ஒரு மணி நேர MiniDV கேம்கார்டர் டேப் சுமார் 13 ஜிபி, சாதாரண டிவிடி 4.7 ஜிபிக்குள்.

வைஃபை போதுமா?

டிஸ்க் கணினியிலேயே இருந்தால் நெட்வொர்க்கே தேவையில்லை. வேறு அறையில் இருக்கும் டிஸ்க்கிலிருந்து வர வேண்டும் என்றால் லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். புளூ-ரே தரத்து வீடியோ நொடிக்கு 40 மெகாபிட் வரை போகும். ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவே இரண்டு செங்கல் சுவர் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதைத் தாங்காது.

எந்த மென்பொருள் போடுவது?

கோடி (Kodi) என்ற மீடியா பிளேயர். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகத் தொடங்கி, எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்து, 2014ல் கோடி என்று பெயர் மாறியது. முற்றிலும் இலவசம். கோடியை மட்டும் ஓட்டுவதற்கென்றே உருவான குட்டி லினக்ஸ்தான் நான் மேலே சொன்ன லிப்ரெலெக். பையிலும் இன்டெல் பெட்டிகளிலும் ஓடும். ஆன் செய்தால் நேராக மெனு வந்து நிற்கும்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பதற வேண்டாம். இடைமுக அமைப்பில் ஸ்கின் பகுதிக்குள் எழுத்துருவை ஏரியல் வகைக்கு மாற்றிப் பாருங்கள். கோப்புறைகளுக்குத் தமிழிலேயே பெயர் வையுங்கள். "பெரியக்கா சீமந்தம்" என்று திரையில் பார்ப்பதும் ஒரு தேதியையும் எண்ணையும் பார்ப்பதும் ஒன்றல்ல.

டீகோடர் உண்மையாகவே வேலை செய்கிறதா என்று பார்க்க, படம் ஓடும்போது கீபோர்டில் ஆங்கில ஓ விசையை அழுத்துங்கள். டீகோடர் வரியில் எச்டபிள்யூ என்று இருந்தால் வன்பொருள் விரிக்கிறது. எஸ்டபிள்யூ என்று இருந்தால் பிராசஸர் சுமக்கிறது.

பழைய கல்யாண டிவிடியில் ஆட்கள் நகரும்போது ஓரமெல்லாம் சீப்பு மாதிரி கோடு விழுகிறது. கணினி கோளாறா?

இல்லை, அந்தக் காலத்துப் படப்பதிவு முறை அது. நம் ஊர் பால் முறையில் ஒரு படத்தை ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரண்டு பாதியாகப் பிரித்து, நொடிக்கு 50 பாதிகள் பதிவு செய்தார்கள். குழாய் டிவிக்கு அது சரி. இன்றைய தட்டைத் திரையில் இரண்டு பாதியையும் ஒன்றாகக் காட்டினால் சீப்புப் பல் தெரியும். கோடியின் வீடியோ அமைப்பில் டீஇன்டர்லேஸ் என்பதைப் போட்டால் போய்விடும்.

இன்னொன்று இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. உங்கள் வீடியோவோ 25 படம். இரண்டும் வகுபடாததால் கேமரா மெதுவாகத் திரும்பும் இடங்களில் படம் குதித்துக் குதித்துப் போகும். கோடியில் திரையின் புதுப்பிப்பு வேகத்தை வீடியோவுக்கு ஏற்ப மாற்றும் அமைப்பு உண்டு. அதை ஆன் செய்தால் 25 படத்துக்கு டிவி 50க்கு மாறிக்கொள்ளும். ஊர்வலத்தில் கார் நகர்கிற காட்சியை மாற்றுவதற்கு முன்பும் பின்பும் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்பாவே "என்ன பண்ணினாய், படம் தெளிவாகிவிட்டதே" என்று கேட்டார்.

இதில் ஓடிடி பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் நிறைவாக இருக்காது. ஓடிடி நிறுவனங்கள் உயர்தரப் படத்தை, வைட்வைன் என்ற நகல் தடுப்பு முறையில் எல்1 சான்று உள்ள கருவிகளுக்குத்தான் அனுப்புகின்றன. பையும் லினக்ஸ் கணினியும் அதைவிடக் கீழான எல்3 வகை. தரம் குறைத்தே தருவார்கள். ஓடிடிக்கு டிவியின் சொந்த ஆப் அல்லது ஸ்டிக், சொந்தக் கோப்புக்கு இந்தப் பெட்டி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஹோம் தியேட்டரை இணைக்க முடியுமா?

அதில் ஆப்டிகல் செருகுமிடம் இருந்தால், டிவியின் ஆப்டிகல் வெளியீட்டிலிருந்து எடுங்கள். பையிலிருந்தே நேராக ஒலி எடுக்க நினைத்தால், பை 5ல் 3.5 மில்லிமீட்டர் ஆடியோ ஜாக் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்; பை 4ல் உண்டு.

இரண்டு மூன்று அறைகளில் டிவி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கணினியா?

ஒன்றே போதும். என்100 பெட்டியில் ஜெல்லிஃபின் என்ற இலவச சர்வர் மென்பொருளைப் போட்டு ஓரமாக வைத்துவிட்டால், மற்ற டிவிகளிலும் மொபைல்களிலும் ஜெல்லிஃபின் ஆப் வழியே பார்க்கலாம். ஒரு டிவிக்கு ஒத்துவராத கோப்பை அந்தப் பெட்டியே உடனுக்குடன் வேறு வகைக்கு மாற்றி அனுப்பும். இந்த மாற்று வேலைக்கு இன்டெல் சிப்பில் தனி வன்பொருள் உண்டு. பை 5ல் இல்லை. ஆகவே சர்வராகவும் வேண்டும் என்பவர்கள் பை பக்கம் போக வேண்டாம்.

எல்லாம் வாங்கி மாட்டியாகிவிட்டது. முதலில் எதை அதில் ஏற்றுவது?

கேசட்டுகளை. டிவிடியும் பென் டிரைவும் கொஞ்சம் காத்திருக்கும். விஎச்எஸ் டேப் நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், அதை ஓட்டும் பிளேயர்களும் பழுது பார்ப்பவர்களும் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிகிற டேப்பை நீங்களே பிளேயரில் போடாதீர்கள். ஹெட்டும் கெடும், டேப்பும் அறுந்துபோகலாம். மாற்றித் தரும் ஸ்டுடியோவில் காட்டுங்கள். நேரில் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், கூரியரில் அனுப்ப வேண்டாம்.

மாற்றிய கோப்பு கைக்கு வந்ததும் இரண்டு டிஸ்க்கில் போடுங்கள். ஒன்று டிவிக்குப் பின்னால். இன்னொன்று தங்கை வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ, வேறு கூரையின் கீழே. பொங்கலுக்குப் போகும்போது அந்த டிஸ்க்கை எடுத்துப் புதியவற்றைச் சேர்த்துவிட்டு வந்தால் போதும்.